எல்லாத்துக்கும் ஒரே துப்பாக்கி

மழை இன்னும் விடவில்லை. முடிச்சூரில் அந்தத் தரைத்தள வீட்டுக்குள் சாக்கடையும் ஏரித் தண்ணீரும் கலந்து கணுக்காலுக்கு மேல் ஏறியிருக்கிறது. கரண்ட் இல்லை. ஜன்னல் வழியே வரும் சாம்பல் வெளிச்சத்தில் ஒற்றைச் செருப்பு ஹாலைச் சுற்றி மிதக்கிறது. ரோஹிணி தனியாக அரிசி மூட்டையைப் பரணில் ஏற்றுகிறாள். கட்டிலில் சம்மணமிட்டிருக்கும் கணவன் ஷ்யாம்சுந்தரின் முகத்தில் மட்டும் போன் வெளிச்சம். பேரழிவில் உயிர் பிழைப்பது எப்படி என்று யாரோ வெள்ளைக்காரன் அதில் பேசிக்கொண்டிருக்கிறான்.

“பாயின்ட் டூ டூ ரைஃபிள்தான் பெஸ்டாம், ரோஹிணி. முயல், பறவை, எல்லாத்துக்கும் ஒரே துப்பாக்கி. தோட்டாவும் வெயிட்டே இல்ல. ஐநூறுகூட ஒரு பையில அடங்கிடும்.”

“முடிச்சூர்ல முயல் எங்க இருக்கு?”

“சும்மா தெரிஞ்சு வெச்சுக்கறதுதான்.”

கட்டிலின் மறுமுனையில் மகள் ஸ்ம்ருதிக்கு மூச்சு இழுக்கிறது. ரோஹிணி கதவோரம் தொங்கும் அவனுடைய எமர்ஜென்சி பையைத் திறக்கிறாள். கத்தி, திசைகாட்டி, விசில், தூண்டில் நரம்பு. இன்ஹேலர் இல்லை. பையை அப்படியே தண்ணீரில் கவிழ்க்கிறாள். சமையலறை அலமாரியைத் துழாவி இன்ஹேலரை எடுத்துவந்து, குழந்தையின் வாயில் வைத்து அழுத்துகிறாள்.

மாடி வீட்டு வினிதா அக்கா மேலிருந்து கத்துகிறாள். “மேல வந்துடு ரோஹிணி, தண்ணி ஏறிக்கினே கீது!”

“ஒரே நிமிஷம். இன்னொரு மாடலோட கம்பேர் பண்றான்” என்கிறான் ஷ்யாம்சுந்தர்.

“போனை வை. இவளைத் தூக்கு.”

கல்யாணமானதிலிருந்து அவனிடம் ‘வாங்க, போங்க’ என்றுதான் பேசியிருக்கிறாள். அவன் நிமிர்ந்து பார்க்கிறான். போனை வைத்துவிட்டு, மகளைத் தூக்கத் தண்ணீரில் கால் வைக்கிறான்.