பெரிய எழுத்து

"மறுபடியும் யானை யானையா எழுத்து வந்திருக்கு பாரு. எல்லாம் இவ கைராசி!"

கடைக்காரர் தெருவுக்கே கேட்கும்படி சொன்னார். கவுன்ட்டரில் சாய்ந்து நின்ற மெக்கானிக் சிரித்தான். கடைக்காரரின் மனைவி, வேறு யாரையோ சொல்கிறார் என்பதுபோல் பேரிங் டப்பாக்களைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

வண்டி உதிரிபாகக் கடை அது. எந்தச் சாமான் எந்த அலமாரியில் இருக்கிறது என்பதெல்லாம் கம்ப்யூட்டரில்தான்.

கம்ப்யூட்டர் பழுதுபார்ப்பவன் திரையைப் பார்த்தான். பட்டியலில் நாலைந்து வரிதான் தெரிந்தது. ஒவ்வொரு எழுத்தும் கடையின் பெயர்ப்பலகையில் எழுதுகிற அளவு.

"அக்கா, போன தடவையே சொன்னேனே. முதல்ல மானிட்டரைப் போடணும். அப்புறம்தான் கம்ப்யூட்டரை."

"ஆமா தம்பி, சொன்னே."

"கம்ப்யூட்டர் கண் முழிச்சதும் எதிர்ல திரை இருக்கான்னு தேடும். இல்லேன்னா, குத்துமதிப்பா ஒரு அளவை எடுத்துக்கும். அப்புறம் நீங்க திரையைப் போட்டாலும் அது மாறாம அடம்பிடிக்கும்."

"புரியுது தம்பி."

"அவளுக்கா? புரிஞ்சிடுச்சா?" கடைக்காரர் குறுக்கே பாய்ந்தார். "பட்டன் மேல ஒண்ணு, ரெண்டுன்னு நீ ஸ்டிக்கரே ஒட்டிட்டுப் போனே. இவ ரெண்டுல ஆரம்பிக்கிறா! பள்ளிக்கூடத்துல இவளுக்கு மட்டும் தனியா எண்ணக் கத்துக்குடுத்திருக்காங்க போல."

மெக்கானிக் மறுபடி சிரித்தான்.

"நான்லாம் கண்ணை மூடிக்கிட்டுத் தொட்டே சொல்லிடுவேன், எது எந்த வண்டி பேரிங்னு!" என்றார் கடைக்காரர்.

அவள் அடுத்த டப்பாவை எடுத்துத் துடைத்தாள்.

காலையில் கடையைத் திறந்து கம்ப்யூட்டரைப் போடுவது அவள் வேலை. வாரம் தவறாமல் இதே கூத்து. இந்த அக்காவைத் திருத்துவதைவிடக் கம்ப்யூட்டரைத் திருத்துவது சுலபம் என்று முடிவு செய்தான் பழுதுபார்ப்பவன். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். என்னென்னவோ தட்டினான். இரண்டையும் அணைத்துவிட்டு, வேண்டுமென்றே கம்ப்யூட்டரை முதலில் போட்டான். கொஞ்சம் பொறுத்து மானிட்டரையும் போட்டான்.

எழுத்துகள் எறும்பு வரிசைபோல் பளிச்சென்று வந்து நின்றன.

"அளவைப் பூட்டிட்டேண்ணே. அக்கா இனிமே எதை முதல்ல அமுக்கினாலும் இப்படித்தான் வரும்."

"சபாஷ்! இதை முதல்லயே செய்யக் கூடாதா?"

அவள் கையிலிருந்த துணி நின்றது. "எப்பவுமே இப்படித்தான் வருமா தம்பி?"

"எப்பவுமே, அக்கா."

"அண்ணே, கிளட்ச் கேபிள்ணே. வண்டியைப் பிரிச்சுப் போட்டுட்டு வந்திருக்கேன்" என்றான் மெக்கானிக்.

கடைக்காரர் திரையைப் பார்த்தார். முன்னால் சாய்ந்தார். பின்னால் சாய்ந்தார். தலையைக் கோழி மாதிரி ஒருபக்கமாகத் திருப்பிப் பார்த்தார். விறுவிறுவென்று மூன்றாம் அலமாரிக்குப் போய் ஒன்றை எடுத்து வந்து நீட்டினார்.

"இது லாரியோடதுண்ணே! போன வாரம்கூட இப்படித்தான் மாத்திக் குடுத்தீங்க. எதிர்க் கடைக்குப் போடான்னு எங்க முதலாளி சத்தம் போடுறாரு."

கடைக்காரரின் முகம் சுருங்கிவிட்டது. அதற்குள் அவர் மனைவி எட்டாம் அலமாரியிலிருந்து சரியான கேபிளோடு வந்துவிட்டாள்.

"என் தப்புதாங்க. நேத்து நான்தான் இடம் மாத்தி வச்சேன்."

"பார்த்தியா? பார்த்தியா?" அவருக்கு உயிர் திரும்பியது. "இவளை வச்சுக்கிட்டு எப்படிப்பா யாவாரம் பண்றது?"

பழுதுபார்ப்பவன் பையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தான். பின்னாலேயே அவள் வந்தாள்.

"தம்பி, அதைப் பழையபடி கெடுத்துக் குடுத்துட்டுப் போயேன்."

"கெடுக்கணுமா?"

"பெரிசு பெரிசா வருமே, அப்படி."

அவன் அவளைப் பார்த்தான். மூன்றாம் அலமாரியும் எட்டாம் அலமாரியும் நினைவுக்கு வர, உள்ளே போனான். "அண்ணே, ஒரு சோதனை பாக்கி இருக்கு" என்று போட்ட பூட்டைக் கழற்றினான். இரண்டையும் அணைத்துவிட்டுக் கம்ப்யூட்டரை முதலில் போட்டான், பிறகு மானிட்டரை. யானைகள் திரும்பி வந்தன.

"என்னய்யா இது! நீயும் அவளுக்குத் தம்பிதான்னு காட்டிட்டியே! ஒரு வேலை உருப்படியா…" திட்டிக்கொண்டே திரையைப் பார்த்தவர், மெக்கானிக் அடுத்துக் கேட்ட பிரேக் ஷூவை நேராகப் பதினெட்டாம் அலமாரிக்குப் போய், ஒரே நடையில் எடுத்து வந்து வைத்தார். "இதானே? சொன்னேன்ல, கண்ணை மூடிக்கிட்டு எடுப்பேன்னு!"

"அதேதாண்ணே" என்றான் மெக்கானிக்.

வாசலில் அவள் நின்றிருந்தாள். அவன் குரலைத் தாழ்த்தினான்.

"இதுக்கு எதுக்குக்கா கோளாறு? எழுத்தை மட்டும் அழகா, பெரிசா அமைச்சுத் தரேன். நீங்க இப்படித் தினமும் பேச்சு வாங்க வேண்டாமே."

"அதை நானே செஞ்சு பார்த்துட்டேன் தம்பி. 'எனக்கென்ன கண்ணு அவிஞ்சா போச்சு?'ன்னு கத்திட்டு, பழையபடி சின்னதாக்கச் சொல்லிட்டாரு. வாங்கிக் குடுத்த கண்ணாடியும் டிராயர்ல தூங்குது."

உள்ளேயிருந்து குரல் வந்தது. "அங்க என்னப்பா பாடம் எடுத்துக்கிட்டிருக்கே? அவ மண்டையில ஏறாது, விட்டுடு!"

அவள் முந்தானையால் வாயைப் பொத்திச் சிரித்தாள்.

"கோளாறுன்னா திட்டிக்கிட்டே படிச்சிடுவாரு தம்பி. உதவின்னு தெரிஞ்சா திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாரு."