ரெண்டும் ஒரே நேரத்துல ஓடணும்

“ரெண்டும் ஒரே நேரத்துல ஓடணும், அண்ணே. கேம் தடங்கினா பரவாயில்ல. இது மட்டும் நிக்கவே கூடாது.”

அவன் திரையின் ஓரத்தில் இருந்த சின்னக் கட்டத்தைத் தொட்டுக் காட்டினான். வீட்டுக் கேமராவின் படம் அது. சன்னலோர நாற்காலியில் அவனுடைய அப்பா உட்கார்ந்திருந்தார்.

கடைக்காரர் சிரித்தார். “எல்லாரும் கேம் நிக்கக் கூடாதும்பாங்க. நீங்க தலைகீழா கேக்கறீங்களே, தம்பி.”

சோதனை மேசையில் மூடி கழற்றிய கம்ப்யூட்டர் ஒன்று விசிறிகள் சுழலக் கிடந்தது.

இன்னும் வெளிவராத கேம்களை விளையாடிப் பார்த்து, எங்கே பிழை என்று எழுதி அனுப்புவது அவனுடைய பிழைப்பு. அப்பாவுக்கு வலது கையும் காலும் விழுந்துபோன பிறகு வீட்டிலிருந்தே அதைச் செய்கிறான். திரை நிறையக் கேம், ஓரத்தில் அப்பா.

போன வாரம் பழைய கம்ப்யூட்டர் திணறியதில் ஓரத்துப் படம் அப்படியே நின்றுவிட்டது. அவன் கவனிக்கவில்லை.

படத்தில் அப்பா கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தார். நிஜத்தில் குளியலறைத் தரையில் கிடந்தார்.

தூக்கி உட்காரவைத்தபோது குழறிய நாக்கோடு ஒன்றே ஒன்று கேட்டார். “நீ என்னைப் பாத்தியா, போட்டோவப் பாத்தியா?”

அதிலிருந்து அவன் பார்ப்பது அப்பாவின் முகத்தை அல்ல, இடது கையை. அது சும்மா இருக்கவே இருக்காது. நாற்காலியின் கைப்பிடியில் ஓயாமல் தாளம் போடும். கை அசைந்தால் படம் ஓடுகிறது என்று அர்த்தம்.

கடை அடுத்த தெருவில்தான். அப்பாவை உட்காரவைத்துவிட்டு ஓடி வந்திருந்தான்.

இப்போது கை அசைந்துகொண்டிருந்தது.

“போடுங்க, அண்ணே.”

கேம் திறந்தது. மலைப்பாதையில் கார்கள் சீறின. இரண்டாவது வளைவு தாண்டியிருக்கும். கை நின்றது.

“பாத்தீங்களா?” அவன் குரல் உயர்ந்தது. “இதேதான். இப்படித்தான் அன்னைக்கும்.”

“ரேம் பத்தல. பதறாதீங்க.”

கடைக்காரர் கம்ப்யூட்டரை அணைத்து, இருந்த ரேமோடு இன்னும் இரண்டைச் செருகினார். அது மறுபடி எழுந்து வரும்வரை அவன் திரையை விட்டுக் கண்ணெடுக்கவில்லை.

முதலில் கேம். பிறகு கேமரா. படம் வந்தது, வந்த இடத்திலேயே நின்றது.

“ரெண்டு பாரத்தையும் இந்தக் கார்டு ஒண்ணே இழுக்குது. பெருசா போட்டுப் பாப்போம்.”

செங்கல் பருமனில் ஒரு கிராபிக்ஸ் கார்டு பெட்டியிலிருந்து வெளியே வந்தது. திருகுகள் கழன்றன, இறுகின. கேம் இப்போது தண்ணீராக ஓடியது. பாதையோரப் புல் ஒவ்வொன்றும் தனித்தனியாக ஆடியது.

ஓரத்தில் அப்பா மட்டும் அப்படியே இருந்தார். தலை சற்றே சாய்ந்து, கை கைப்பிடியில்.

அவன் மேசையில் ஓங்கித் தட்டினான். “இத்தனை பெரிய கார்டு, இத்தனூண்டு படத்த ஓட்ட மாட்டேங்குதே, அண்ணே!”

கடைக்காரருக்கும் ரோஷம் வந்துவிட்டது. ப்ராசசரையே மாற்றிவிடுவது என்று திருப்புளியை எடுத்தார்.

அப்போது கட்டத்துக்குள் ஒரு பூனை வந்தது.

சாம்பல் நிறப் பூனை. சன்னல் விளிம்பில் நடந்து, நின்று, அப்பாவையே கொஞ்ச நேரம் பார்த்தது. பிறகு அவர் மடியில் குதித்தது.

“ஓடுது! ஓடுது, தம்பி!” கடைக்காரர் கைதட்டினார். “நான் சொன்னேன்ல, எல்லாம் கார்டு செய்யுற வேலைன்னு!”

படம் துளிகூடத் தடங்கவில்லை. பூனை மடியிலேயே ஒரு சுற்றுச் சுற்றியது. அதன் வால் அப்பாவின் முகவாயை உரசிக்கொண்டு போனது. கைப்பிடியில் இருந்த கையை முகர்ந்து பார்த்துவிட்டு, சுருண்டு படுத்துக்கொண்டது.

அவன் நாற்காலியைத் தள்ளிவிட்டு வாசலைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தான்.

“அப்பாவுக்குப் பூனைன்னா அவ்வளவு பிரியமா, தம்பி?” பின்னாலிருந்து கடைக்காரரின் குரல் கேட்டது.

மதிலில் பூனையின் வால் தெரிந்தாலே போதும், இருக்கிற ஒரு கையால் செருப்பை எடுத்து எறிகிறவர் அப்பா.