கதவு திறக்கும் பாட்டு

பாராமின் என்ற மலையூரின் சரிவில் மாலை வெயில் சாய்ந்து கிடக்கிறது. சாத்திய கதவின் முன் ஊர்ப் பாடகர் குழு நிற்கிறது. வாசலில் முதல் பாட்டு முடிந்தால்தான் கிறிஸ்துமஸுக்குக் கதவு திறப்பார்கள். முன்வரியை எடுத்துப் பாடுபவள் கிளோத்தில். தாயிடமிருந்து காதுவழி வந்த ஸ்பானியப் பாட்டு. பொருள் தெரிந்தவள் குழுவில் ஒருத்திதான், இந்த ஆண்டு வெனிசுவேலாவிலிருந்து வந்து சேர்ந்த யுஸ்மாரி. மாட்டுத்தொழுவத்தைக் குறிக்கும் சொல் 'பெசேரே' என்று திரிந்து வரும்போதெல்லாம் அவள் உதட்டோரம் சுழிக்கிறது. ஒத்திகையில் அப்படிச் சுழித்த அன்றுதான், மொழி தெரிந்தவளே முன்வரி பாடட்டுமே என்று யாரோ சொன்னார்கள்.

"என்னடி சிரிப்பு?" என்கிறாள் கிளோத்தில்.

"ஒண்ணுமில்லக்கா."

"ஒண்ணுமில்லாததுக்கா பல்லு தெரியுது?"

"அவ பல்லு, அவ காட்டுறா. நீ பாட்டை எடு தாயி, உள்ள கறி ஆறுது," என்கிறான் ஃபெலிசியன், கித்தார் நரம்பை முறுக்கிக்கொண்டே.

கிளோத்தில் எடுக்கிறாள். கிலுகிலுப்பைகள் குலுங்குகின்றன. கதவிடுக்கில் விளக்கொளி கோடாக விழுந்திருக்கிறது, அதற்குப் பின்னால் யாரோ மூச்சடக்கி நிற்கிறார்கள். அந்தச் சொல் வரும் இடத்தில் கிளோத்தில், யுஸ்மாரி எப்படிச் சொல்கிறாள் பார்ப்போம் என்று, வேண்டுமென்றே வாயை மூடிக்கொள்கிறாள். அவளையே பின்பற்றும் குழுவும் நின்றுவிடுகிறது. அந்த இடைவெளியில் யுஸ்மாரியின் குரல் மட்டும் ஒலிக்கிறது. பெசேரே. கிளோத்திலின் தாயுடைய அதே இழுப்பு, அதே தவறு. கிளோத்தில் திரும்பி அவள் உதட்டைப் பார்க்கிறாள். அது சுழிக்கவில்லை. தாழ்ப்பாள் விலகுகிறது, எல்லோரும் சிரித்தபடி நகர்கிறார்கள். கிளோத்தில் இன்னும் அந்த உதட்டையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.