பக்கத்து வீட்டுப் பூனை

பக்கத்து வீட்டு மங்களத்தின் வாசலில் லோரி நின்றிருந்தது. சாமான்களை ஏற்றி முடிப்பதற்குள் பூனைக்கு முடி வாரிவிட வேண்டும் என்று சதாசிவம் சீப்பை எடுத்தார். அது வழக்கம்போல் அவர் மடியில் ஏறிப் படுத்தது.

சிலிம் ரிவர் தோட்டத்தில் முப்பது வருடம் ரப்பர் மரம் சீவிய கை. மரத்தில் காயம் படாமல் பட்டையை மட்டும் சீவுவதுபோல், தோலில் பல் பதியாமல் அந்த நீள முடியில் சீப்பு இறங்கியது.

ஈப்போவில் இந்தப் பக்கத்து வீட்டுக்கு மங்களம் தனியாகக் குடிவந்த வாரத்தில்தான் பூனையும் மதில்மேல் தென்பட்டது. இரண்டு வருடமாகிறது. தினமும் வேலைக்குப் போகும்போது கேட்டுக்கு வெளியே அதற்கு மீன் வைத்துவிட்டுப் போவாள். அவள் கார் திரும்பியதும் பூனை நேரே இவரிடம் வந்துவிடும்.

அடுத்தவர் பூனையைக் கேட்காமல் வாருவது கூச்சமாகத்தான் இருந்தது. ஆனால், மனைவி காளியம்மா இறந்துபோன பிறகு தன் வீட்டில் அவர் வாய்திறந்து பேசியது அதனிடம் மட்டும்தான்.

உதிர்ந்த முடியை உருட்டிப் பையில் கட்டிவிடுவார். கைலியில் ஒட்டியதை ஈரக்கையால் வழித்தெடுப்பார். மங்களத்தை எதிரில் பார்த்தால் தலையை மட்டும் ஆட்டுவார்; பேச்சுக் கொடுத்தால் குட்டு வெளிப்பட்டுவிடுமோ என்ற பயம்.

இனி என்ன பயம். பூனையைத் தூக்கிக்கொண்டு அவள் வாசலுக்குப் போனார்.

"எந்த ஊருக்கும்மா போறீங்க?"

"பாகான் செராய்க்குண்ணே. வேலை மாத்தல் ஆயிருச்சு. ரெண்டு வருசம் பக்கத்துலயே இருந்தும் நாம பேசிக்கவே இல்ல பாருங்க."

"ஒரு விசயம். கோவிச்சுக்காதீங்க. தினமும் நான்தான் இத வாரிவிட்டேன். கக்கத்துல சிக்கு விழும். சீப்பப் போட்டு இழுக்காம மொதல்ல வெரலால பிரிச்சு விடுங்க. குளிப்பாட்டறதுக்கு முன்னாடியே பிரிச்சிரணும், தண்ணி பட்டா இறுகிரும்."

பூனையின் அடிவயிற்றைக் காட்டினார். "வயித்துல சீப்பு பட்டா கடிக்க வரும். அடிச்சிராதீங்க லா."

பூனையை நீட்டினார். லோரிக்காரர் ஹார்ன் அடித்தார். மங்களம் பூனையை வாங்கிக்கொள்ளவில்லை. அதையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அண்ணே, இது உங்க பூனை இல்லியா?"