ஆளுக்கு இருபது நிமிடம்

"அண்ணே, நெட்டையை மறுபடி உள்ள இறக்குங்க. இன்னும் ரெண்டே நிமிஷம்தான் இருக்கு. ஒரு பாஸ்கெட் போட்டா கோப்பை நமக்குத்தான்!" உதவிப் பயிற்சியாளர் கெஞ்சினார்.

"அவனோட இருபது நிமிஷம் முடிஞ்சிடுச்சு." பயிற்சியாளர் ஸ்டாப்வாட்சைக் காட்டினார்.

நெட்டையும் சுருட்டையும் வளையத்துக்கு அடியில் ஒரே இடத்தில் ஆடுபவர்கள். நாற்பது நிமிட ஆட்டத்தில் எப்போதும் ஆளுக்குப் பாதி.

"நெட்டை இன்னிக்கு வெளுத்துக் கட்டுறான். சுருட்டைக்கு மூச்சு வாங்குது. ஒரு கண்ணுக்கு வெண்ணெய், ஒரு கண்ணுக்குச் சுண்ணாம்புன்னு யாருண்ணே சொல்லப் போறாங்க?"

"சொல்லுவாங்கப்பா."

பார்வையாளர் வரிசையின் இரு கோடிகளில் இரண்டு அம்மாக்கள் உட்கார்ந்திருந்தார்கள். இருவர் கண்ணும் பந்தின்மேல் இல்லை, கடிகாரத்தின்மேல்.

ஒரே புள்ளியில் தோற்றார்கள்.

உடை மாற்றும் அறையில் நெட்டை தன் ஜெர்சியைக் கழற்றிப் பயிற்சியாளர் மடியில் போட்டான்.

"மாசத்துல பாதி நாள்தான் வீட்டுக்கு வர்றீங்க. இங்கயும் பாதிதான். எனக்குன்னு எதைத்தான்ப்பா முழுசா தருவீங்க?"

அவர் நிமிர்வதற்குள், பின்னால் நின்ற சுருட்டையும் தன் ஜெர்சியை அதன்மேல் போட்டான்.

"எங்க வீட்டுலயும் அதே கதைதான்ப்பா."