கேட்காத தூரம்

"கேக்குதா? நான்தான் கூப்பிடறேன். ஒரு வார்த்தை பேசுங்களேன்!"

பேசும் பொத்தானை விட்டுவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டாள். ரேடியோப் பெட்டி சோளம் பொரிவது போல் பொரிந்ததே தவிர, குரல் வரவில்லை. கப்பலில் ரேடியோ அதிகாரியான கணவன், "இந்த அலைநீளம்தான் எனக்கு எட்டும், முள்ளை அசைச்சுடாதே" என்று வைத்துக் கொடுத்துவிட்டுப் போன இடத்திலேயே முள் இருந்தது. மாதக்கணக்காக, சாயங்காலமானால் வரும் அந்தக் குரலை வைத்துத்தான் அவள் நாளை ஓட்டிக்கொண்டிருந்தாள். இப்போது இரண்டு மூன்று நாளாகப் பேச்சுமூச்சில்லை.

"அண்ணனுக்குக் கோபம் வந்தா வாய்க்குப் பூட்டுதான் அண்ணி," என்றாள் நாத்தனார், துணி மடித்தபடியே. "அப்படி என்ன சொல்லித் தொலைச்சீங்க?"

"கப்பல் வேலை போதும், விட்டுட்டு வாங்கன்னேன். இல்லேன்னா இனிமே பேசவே பேசாதீங்கன்னு, ஏதோ ஒரு வேகத்துல..."

"பரவாயில்லையே, பொண்டாட்டி சொல்லைத் தட்டாம நடந்துக்கறாரு!"

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த நேரம் பார்த்துப் பெட்டி உயிர் பெற்றது. ஏழு கடலுக்கு அப்பால் ரொட்டிக்கடை வைத்திருப்பவர், பொழுதுபோக்காக ரேடியோவில் பேசிப் பேசியே இவர்களுக்கு அண்ணன் ஆகிவிட்டவர்.

"தங்கச்சி, உங்களைத்தான் தேடிக்கிட்டிருக்கேன். நேத்து மாப்பிள்ளைகிட்ட பேசினேன். குரல் கணீர்னு கேட்டுச்சு..."

அவர் மூச்சு வாங்கிய இடைவெளியில் அவள் பொத்தானை அழுத்திவிட்டாள்.

"உங்ககிட்ட கணீர்னு பேசறவருக்கு என்கிட்ட மட்டும் வாய் அடைச்சுப் போச்சா? அண்ணே, ஒண்ணே ஒண்ணு சொல்லிடுங்க. வேலையை விட வேண்டாம். வீட்டுக்குக்கூட வர வேண்டாம், கடல்லயே இருக்கட்டும். அந்தக் குரல் இருந்தாப் போதும் எனக்கு."

சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டாள். நாத்தனார் துணியைப் போட்டுவிட்டு வந்து அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"ஐயையோ, அதை நான் சொல்ல மாட்டேன்!" என்று சிரித்தார் ரொட்டிக்கடை அண்ணன். "உங்க அலைநீளம் தூரத்துக்குன்னே ஆனது தங்கச்சி. மேல போய் வானத்துல முட்டித் திரும்பி, ரொம்பத் தள்ளிப் போய்த்தான் கீழ இறங்கும். நடுவுல இருக்கறவங்களைத் தாண்டிக் குதிச்சுடும். நீங்க தவிச்சுப் போயிடுவீங்கன்னு மாப்பிள்ளைதான் என்னைச் சொல்லச் சொன்னாரு. அன்னைக்கே வேலைக்கு ஒரு முழுக்குப் போட்டுட்டு, உங்க ஊருக்கு வர்ற கப்பல்ல ஏறிட்டாரு. இப்போ, உங்களுக்குக் குரல் கேக்க முடியாத அளவுக்குக் கிட்ட வந்துட்டாரு!"