கட்டியை எடுத்தது யார்

ஆவுடையம்மாளின் மூளைக்குப் போகும் ரத்தக்குழாயில் ஒரு ரத்தக்கட்டி குறுக்கே உட்கார்ந்துகொண்டது. அவளுக்கு வாய் கோணி, பேச்சு நின்றுபோனது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் தொடை ரத்தக்குழாய் வழியாக உள்ளே விட்ட உறிஞ்சுகுழாயும் கம்பிவலையும் கட்டியின் அருகே வந்து சேர்ந்தன.

"நான் உறிஞ்சினாலே போதும். நீங்க ஓரமா நில்லுங்க," என்றது குழாய்.

"போன வாரம் உங்க அண்ணன் உறிஞ்சின லட்சணத்தைக் கேள்விப்பட்டேன்," என்றது வலை.

"பேசி முடிவு பண்ணிட்டு வாங்க. எனக்கு ஒண்ணும் அவசரமில்ல," என்றது கட்டி.

மூளையில் ஒரு பக்கம் செத்துக்கொண்டிருந்தது. டாக்டர் இரண்டையும் சேர்த்தே தள்ளினார். வலை கவ்வியது, குழாய் உறிஞ்சிப் பிடித்தது. மூன்றும் ஒன்றாக வெளியே வந்து தட்டில் கிடந்தன.

"கட்டியோட தலை என் வாயில இருக்கு," என்றது குழாய்.

"உடம்பு என் கம்பியில இருக்கு, பாருங்க," என்றது வலை.



ஆபரேஷன் மேசையில் ஆவுடையம்மாளின் உதடு அசைந்தது. குழாயும் வலையும் காதைத் தீட்டிக்கொண்டன.

"முதல்ல கையில ஊசி போட்ட அந்த நர்சம்மா எங்க?" என்றாள் அவள். "நல்ல கைராசிக்காரப் பொண்ணு."

தட்டில் கிடந்த இரண்டையும் குப்பைப் பையில் போட்டதும் அந்த நர்ஸ்தான்.